தெற்குப் பார்த்து நின்ற யாளி

வெள்ளத்தாய் வீட்டைப் பூட்டிவிட்டு ஒரே தடவையில் தெருவைத் தாண்டினாள் என்று சரித்திரமே கிடையாது. பூட்டை இழுத்துப் பார்ப்பாள், நாலு எட்டு வைப்பாள், ஸ்டவ்வை அணைத்தோமா என்று அடிவயிற்றில் ஒரு சந்தேகம் கிளம்பும். திரும்பி வந்து திறந்து பார்த்தால் அது பாட்டுக்கு அணைந்து ஆறிக் கிடக்கும். மறுபடியும் பூட்டு, மறுபடியும் இழுப்பு. புருஷன் சங்கிலிப்பாண்டி தெருமுனையில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்று, "ஏட்டி, இழுக்கிற இழுப்புல கொண்டி கையோட வந்துரப் போகுது," என்பான். அதற்கும் பயந்துபோய்க் கொண்டியை இன்னொரு தரம் தொட்டுப் பார்த்துவிட்டு வருவாள்.

இப்படிப்பட்ட ஒருத்தியை ராஜபாளையத்துப் பஞ்சு மில்லில் எப்படி வேலைக்கு வைத்திருந்தார்கள் என்று கேட்கலாம். மில்லுக்கு இப்படிப்பட்டவள்தான் வேண்டும். வரிசையாக நூல் நூற்கிற கதிர் சுற்றிக்கொண்டிருக்கும்போது ஒரு கதிரில் இழை அறுந்தாலும் அவளுக்குப் பகீர் என்றுவிடும். ஓடிப்போய் ஒட்டிவிட்டுத்தான் மூச்சு விடுவாள். அவள் நிற்கிற பக்கம் மேஸ்திரிக்குக் கவலையே கிடையாது, அவர் பங்குக் கவலையையும் சேர்த்து அவளே பட்டுவிடுவாள். கல்யாணமான மறுவருஷம் சேர்ந்தவள், பஞ்சுத் தூசி நெஞ்சில் இறங்கி இழுப்பு வருகிறவரைக்கும் அங்கேதான் இருந்தாள். "இன்னும் ஒரு வருஷம் அங்க போனீங்கன்னா மூச்சு முட்டியே போய்ச் சேர வேண்டியதுதான்," என்று டாக்டர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். சும்மாவே பயந்து சாகிறவளிடம் இப்படியா சொல்வது? அன்றோடு மில்லை விட்டு நின்றாள்.

சங்கிலிப்பாண்டிக்கும் அதே மில்தான். வலது கையில் அவனுக்கு இரண்டு விரல் கிடையாது. அதற்கு ஒரு கதை உண்டு. ஒரு ஆயுதபூஜைக்கு மில்லில் எல்லா மிஷினையும் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டார்கள். புதிதாக வந்து இறங்கிய மிஷின் ஒன்றை மட்டும், இன்னும் ஓட்டத்துக்கு வரவில்லை என்று சொல்லி, பொட்டு வைக்காமல் விட்டுவிட்டார்கள். கார்த்திகை பிறப்பதற்குள் அந்த மிஷின்தான் அவன் விரலை வாங்கியது. "நான் அங்கிட்டுப் பராக்குப் பாத்துக்கிட்டுக் கைய விட்டுட்டேன். மிஷின் என்ன செய்யும்?" என்று அவனே சொல்வான். வெள்ளத்தாய் ஒத்துக்கொள்ள மாட்டாள். பொட்டில்லாத இரும்புக்கு ஆள் அடையாளம் தெரியாது என்பது அவள் கட்சி. அவனை அதற்கப்புறம் மில் வாசலில் வாட்ச்மேனாகப் போட்டார்கள்.

அவள் வீட்டில் உட்கார்ந்து, இருக்கிற பயத்தை எல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்த தொண்ணூறாம் வருஷ வாக்கில் சௌந்தரபாண்டியன் ஊருக்கு வந்து சேர்ந்தார். பருத்தி யாவாரம் பார்த்த குடும்பம். மெட்ராஸில் கார்ட்டூன் படம் எடுக்கப் படித்து, விளம்பரத்துக்காகப் பற்பசையை ஆடவைத்து, சோப்பைப் பாடவைத்து, அலுத்துப்போய்த் திரும்பியவர். சொந்தமாக ஒரு படம் எடுப்பது என்று முடிவு பண்ணி, பருத்தியில் கொட்டை எடுத்து, இப்போது மூடிக் கிடந்த ஒரு ஜின்னிங் பேக்டரிக் கொட்டகையைப் பிடித்தார்.

படம் என்றால் நடிகரும் கிடையாது, பாட்டும் கிடையாது. ஒரு காடு. அந்தக் காட்டில் உலகத்தில் இல்லாத மிருகங்களாகப் பார்த்து வாழும். யாளி, மகரம், அன்னம், இரட்டைத் தலைக் கண்டபேரண்டம் என்று கோயில் தூணிலும் தேரிலும் பார்த்திருக்கிறோமே, அதுகள்தான். ஆனால் அத்தனையும் மிஷின். அன்னத்துக்கு ஒரு பழைய தையல் மிஷினின் கழுத்து; குனிந்து குனிந்து ஓடைமேல் தையல் போட்டபடி போகும். மகரத்துக்கு மூக்கு பம்ப்செட்டுக் குழாய். கண்டபேரண்டம் இரண்டு டேபிள் ஃபேனைத் தலையாக வைத்துக்கொண்டு தனக்குத்தானே சண்டை போடும். யாளிக்குப் பல்லெல்லாம் ஜின்னிங் மிஷினின் ரம்பம், பிடரி மயிர் மில்லில் கழித்துப்போட்ட முள்கம்பிப் பட்டை, காலுக்குக் கியர் சக்கரம். ஒரு வெள்ளாட்டங்குட்டி உயரம்தான், ஆனால் தூக்கினால் இடுப்பு விட்டுப்போகும். காட்டு மரங்கள் புகைபோக்கிகள். ஓடையில் ஓடுவது எண்ணெய்.

மலைமேல் சாம்பல் அணிலுக்குச் சரணாலயம் அறிவித்திருந்த சமயம் அது. "இந்த மிருகத்துக்கெல்லாம் ஃபாரஸ்ட் ஆபீஸ்ல சொல்லியாச்சா அண்ணாச்சி?" என்று டீக்கடையில் கிண்டலடித்தார்கள். சௌந்தரபாண்டியன் சிரிக்க மாட்டார். அவருக்குச் சிரிப்பெல்லாம் படத்துக்குள்ளேதான்.

இந்த மாதிரிப் படத்தை எடுப்பது எறும்பு வேலை. மிருகத்தை அரை நூல், அதாவது அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு, நகர்த்த வேண்டும், கேமராவில் ஒரு படம் எடுக்க வேண்டும், மறுபடி அரை நூல் நகர்த்த வேண்டும். இப்படி இருபத்து நாலு தரம் செய்தால் திரையில் ஒரு நொடி ஓடும். நகர்த்துகிறவர் கை நடுங்கக் கூடாது, அவசரப்படக் கூடாது, ஒன்றுக்கு இரண்டு தடவை சரிபார்க்க வேண்டும். ஊரெல்லாம் விசாரித்தார். மில்லில் யாரோ, "அப்படியாப்பட்ட ஆளு ஒண்ணு இருக்கு, ஒண்ணுக்கு ரெண்டு என்ன, பத்துத் தடவை பாக்கும்," என்று சொல்லி வெள்ளத்தாயைக் கைகாட்டினார்கள்.

கேமரா பார்த்தவன் மைக்கேல். திருவில்லிபுத்தூரில் ஸ்டுடியோ வைத்துக் கல்யாணப் படமும், சர்ச்சில் பிள்ளைகள் புதுநன்மை வாங்குகிற படமும் எடுக்கிறவன். சின்ன வயசு, வாய் ஓயாது. "அக்கா, யாளி மூச்சு விட்டுருச்சு, ஒரு நூல் கூடப் போயிட்டு," என்பான். வெள்ளத்தாய் பதறிப்போய்க் குனிந்து பார்ப்பாள். அவன் கேமராவுக்குப் பின்னால் குலுங்கிச் சிரிப்பான். "பாவம்டா, வெளையாடாத," என்பார் சௌந்தரபாண்டியன்.

அந்தக் கொட்டகையில் அவளுக்கு இழுப்பு வரவில்லை. அதுதான் பெரிய அதிசயம். ஒரு வருஷத்துக்கு மேல் மாத்திரையைத் தொடவே இல்லை. வேலை அவளுக்கு என்று அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. காலையில் வந்து கூட்டித் துடைப்பதற்காகக் கொட்டகைச் சாவியையும் சௌந்தரபாண்டியன் அவளிடமே கொடுத்திருந்தார். இந்த வேலையும் போனால் மறுபடி மில்தான், மில் என்றால் மூச்சுதான் என்று தெரிந்தவள் ஆகையால், எதையாவது கெடுத்துத் தொலைத்துவிடுவோமோ என்று தினமும் பயந்துகொண்டே சந்தோஷமாக இருந்தாள்.

படத்தின் கடைசிக் கட்டம் வந்தது. காட்டில் எண்ணெய் வற்றி மிருகமெல்லாம் துருப்பிடித்து நின்றுவிடுகிறது. அதுவரை தூணோடு தூணாக அசையாமல் நின்ற யாளி முதல் தடவையாக இறங்கி, ஓடைக்கு நடந்து வருகிறது. ஒரே ஷாட், நடுவில் வெட்டு கிடையாது. மற்ற மிருகங்களைவிட யாளி பெரியது என்பதால் இருந்த விளக்கு போதாமல், கேமராவுக்குப் பின்னால் புதிதாக ஒரு பெரிய பல்பு போட்டார்கள். வேலை முடிந்து கிளம்பும்போதெல்லாம் யாளியின் நாலு காலைச் சுற்றியும் தரையில் சாக்பீஸால் கோடு போட்டு வைப்பாள் வெள்ளத்தாய். யாராவது தெரியாமல் இடித்துவிட்டாலும் பழைய இடத்தில் நிறுத்தலாம் என்கிற முன்யோசனை. பயந்தவளுக்கு முன்யோசனைக்கா பஞ்சம்?

ஷாட் பாதியில் நிற்கும்போது ஆயுதபூஜை வந்தது.

"அண்ணாச்சி, ஒரு பொட்டு மட்டும் வச்சிரட்டா? பொறவு தொடைச்சிருதேன்," என்று முதல் நாளே கேட்டாள்.

"ஷாட் பாதியில நிக்குது வெள்ளத்தாயி. யாளி மேல உள்ள தூசி கூட நகரக் கூடாது. நாளைக்கு லீவு, யாரும் உள்ள போக வேண்டாம்," என்றார். அவருக்குச் சாமி பூதத்தில் எல்லாம் நம்பிக்கை கிடையாது. விளக்கி மாளாது என்பதால் அவ்வளவோடு நிறுத்திக்கொண்டார்.

மறுநாள் காலையில் அவள் வீட்டில் சங்கிலிப்பாண்டியின் சைக்கிளுக்கும், அருவாமனைக்கும், ஸ்டவ்வுக்கும் பொட்டு வைத்தாள். பொரிகடலை வைத்துக் கும்பிட்டாள். சூடத்தை ஒற்றிக்கொள்ள அவன் கையை நீட்டினான். இரண்டு விரல் இல்லாத அந்தக் கையைப் பார்த்ததும் அவளுக்குப் பழைய கதை ஞாபகம் வந்துவிட்டது. கொட்டகையில் அத்தனை இரும்பும் பொட்டில்லாமல் நிற்கிறதே. அதிலும் யாளி, வாய் நிறைய ரம்பத்தோடு. நாளைக்குத் தன் கையோ மைக்கேல் கையோ அதன் வாய்க்குள் போய்விட்டு வர வேண்டியிருக்கிறதே. ஒரு நிமிஷ வேலைதானே, போய் வைத்துவிட்டுத் துடைத்துவிட்டு வந்துவிடலாம். சந்தனக் கிண்ணத்தை முந்தானையில் மறைத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

அன்னத்துக்கு வைத்தாள், மகரத்துக்கு வைத்தாள். யாளியிடம் வந்ததும் கை நின்றுவிட்டது. யாளி தெற்குப் பார்த்து நின்றது. எமன் திசையைப் பார்த்து நிற்கிற ஒன்றுக்குச் சூடம் காட்ட எவளுக்கு மனசு வரும்? இடுப்பு விட்டுப்போக, மெதுவாகத் தூக்கி, கிழக்கே திருப்பி வைத்தாள். சாக்பீஸ் கோடு இருக்கிறது, திரும்ப நிறுத்திக்கொள்ளலாம் என்ற தைரியம். பூஜை வைக்கிற இடம் சுத்தமாக இருக்க வேண்டாமா என்று மஞ்சள் தண்ணீரைத் தெளித்து முந்தானையால் நன்றாக ஒரு துடை துடைத்தாள். பிறந்ததிலிருந்து செய்கிற காரியம், கை அது பாட்டுக்குச் செய்துவிட்டது. பொட்டு வைத்து, சூடம் காட்டி, கண்ணை மூடிக் கும்பிட்டு, நிம்மதியாகக் கண்ணைத் திறந்து கீழே பார்த்தாள். தரை பளிச்சென்று இருந்தது. ஒரு கோடு கூட இல்லை.

கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு முந்தானையை எடுத்தாள்.

பொட்டை எல்லாம் அழித்தாள். யாளியைத் தூக்கி, தெற்கே பார்த்து, இங்கேதான் இருந்திருக்கும் என்று கண் சொன்ன இடத்தில் நிறுத்தினாள். எட்டிப்போய்ப் பார்த்தாள், சரி என்று பட்டது. கிட்டே வந்து பார்த்தாள், தள்ளி நிற்கிற மாதிரிப் பட்டது. ஒரு நூல் இடதுபக்கம் தள்ளினாள், அப்புறம் அரை நூல் திருப்பித் தள்ளினாள். எத்தனை தடவை என்று அவளுக்கே தெரியாது. கடைசியில் அதைச் சுற்றிப் புதிதாக ஒரு கோட்டைப் போட்டுவிட்டு, கதவைப் பூட்டி, இழுத்துக்கூடப் பார்க்காமல் வீட்டுக்கு வந்தாள்.

அடுத்த நாள் மைக்கேல் கேமராவில் கண்ணை வைத்தான். வைத்தவன் எடுக்கவில்லை.

"அக்கா, யாளி லேசாத் தள்ளி நிக்கற மாதிரி இருக்கே?"

"இல்லையே. கோட்டுக்குள்ளதான நிக்கி," என்றாள்.

அவள் வாழ்நாளில் சொன்ன பொய்களை எண்ணினால் ஒரு கை விரல் மிஞ்சும். மைக்கேல் குனிந்து கோட்டைப் பார்த்தான், நாலு காலும் கோட்டுக்குள் இருந்தது. "அப்ப எங் கண்ணுதான் லீவு கேக்கு," என்று சிரித்துவிட்டு வேலையை ஆரம்பித்தான்.

பெட்டியில் இருக்கிற ஃபிலிம் முழுக்க எடுத்து முடித்து, மெட்ராஸுக்கு அனுப்பிக் கழுவி வந்தால்தான் என்ன எடுத்திருக்கிறோம் என்பதே தெரியும். அதுவரைக்கும் யாளி திரையில் என்ன செய்யப்போகிறது என்று ஒரு ஜீவனுக்கும் தெரியாது. வெள்ளத்தாய்க்கு மட்டும் தெரியும். நடந்து வருகிற யாளி நட்டநடு வழியில் ஒரு வெட்டு வெட்டி இழுக்கும். பார்த்த உடனே சௌந்தரபாண்டியனுக்குப் புரிந்துபோகும், எந்த நாள் எடுத்தது என்றும் தெரிந்துபோகும். சாவி யார் கையில் இருந்தது என்று கேட்க வேண்டிய அவசியமே இல்லை.

ஃபிலிம் ரயிலேறிய நாளிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. வாசலில் சைக்கிள் மணி கேட்டால் தூக்கிவாரிப் போட்டது. ஒரு வருஷமாக எட்டிப் பார்க்காத இழுப்பு மறுபடி வந்தது. நடந்ததைப் புருஷனிடம் மட்டும் சொன்னாள். "அண்ணாச்சிகிட்டப் போய்ச் சொல்லிரு. தூக்குலயா போடப்போறாரு?" என்றான் சங்கிலிப்பாண்டி. சொல்லலாம் என்று இரண்டு தரம் வாயைத் திறந்தாள். இரண்டு தரமும் சௌந்தரபாண்டியன் முகம் மலர்ந்து, "இந்த ஒரு ஷாட்டுக்காகத்தான் வெள்ளத்தாயி மெட்ராஸ விட்டு வந்தேன்," என்றார். திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

ஒருநாள் விடிகாலையில், வாசல் தெளித்துக்கொண்டிருந்தவள் வாளியை அப்படியே வைத்துவிட்டு, இருக்கன்குடி இருக்கிற திசையைப் பார்த்துக் கையெடுத்தாள். "மாரியாத்தா, அந்த ஃபிலிம் கெட்டுப் போகட்டும். ஒண்ணும் தெரியாம அழிஞ்சு போகட்டும். நான் செஞ்சது யாரு கண்ணுலயும் படாமப் போகட்டும். உனக்கு முடி எறக்குதேன் தாயே." வேண்டி முடித்தபோதே உடம்பு கூசியது. ஆனால் வேண்டியது வேண்டியதுதான், வாய்க்குள் திரும்பப் போகாது.

ஃபிலிம் வந்தது. கொட்டகைச் சன்னலை எல்லாம் சாக்கால் மூடி, சுவரில் வேட்டியைக் கட்டி, சௌந்தரபாண்டியன் புரொஜக்டரை ஓட்டினார். மைக்கேல் சட்டையை மாற்றி, பவுடர் பூசி வந்திருந்தான். வெள்ளத்தாய் கதவோரம் நின்றாள், வேண்டுமென்றால் ஓடிவிடலாம் என்று.

வேட்டியில் வெளிச்சம் விழுந்தது. அந்த வெளிச்சம்தான் கடைசிவரை விழுந்தது. பாலைக் கொட்டிவிட்ட மாதிரி ஒரே வெள்ளை. எங்கோ ஒரு இடத்தில் யாளியின் பிடரி மாதிரி ஏதோ ஒன்று நிழலாடியது, அப்புறம் அதுவும் இல்லை. ரீல் முடிந்து சக்கரம் டப் டப் என்று அடித்துக்கொண்டே இருந்தது. நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை.

வெள்ளத்தாய்க்கு மூச்சு அடிவயிறு வரை இறங்கியது. அத்தனை நாள் கழித்து முதல் தடவையாக முழு மூச்சு. தப்பித்தோம் என்று மனசு குதித்தது. குதித்த அந்த நிமிஷமே சௌந்தரபாண்டியன் முகத்தைப் பார்த்தாள். மனுஷன் வேட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏழெட்டு வயசுப் பிள்ளை கையிலிருந்த பொம்மைத் தேரைத் தொலைத்துவிட்டுத் திருவிழாவில் நிற்கிற மாதிரி இருந்தது முகம்.

காரணத்தைக் கண்டுபிடிக்க நேரமாகவில்லை. கேமராவில் கண் வைத்துப் பார்க்கிற துளைக்கு ஒரு சின்ன மூடி உண்டு. பார்த்து முடித்ததும் மூடிவிட வேண்டும். மைக்கேல் மூடுவதில்லை. இதற்கு முன்னால் விளக்கெல்லாம் முன்பக்கம் இருந்ததால் தப்பித்தது. இந்த ஷாட்டில் பின்னால் போட்ட புது பல்பின் வெளிச்சம் அந்தத் துளை வழியாக உள்ளே போய், அரை நூல் அரை நூலாக அவர்கள் நகர்த்திக்கொண்டிருந்த நேரமெல்லாம் ஃபிலிமைத் தின்றிருக்கிறது.

சௌந்தரபாண்டியன் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. மைக்கேல் மூடியைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மேசையில் வைத்துவிட்டு, பஸ்ஸேறிப் போனவன்தான். அப்புறம் வரவே இல்லை. ஸ்டுடியோவையும் திறக்கவில்லை என்று தகவல் வந்தது.

வெள்ளத்தாய்க்குத் துளை, மூடி, பல்பு எதுவும் மண்டையில் ஏறவில்லை. வேண்டினோம், நடந்தது. மூடி வெறும் சாக்கு. மூடியை மறக்க வைத்தது யார்? ஆத்தாள். ஆத்தாளைக் கேட்டது யார்? இதைவிட நேரான கணக்கு உலகத்தில் உண்டா?

"கெட்டுப் போகணும்னு வேண்டுனியா?" என்றான் சங்கிலிப்பாண்டி. பிறகு, "வேண்டுனா செலுத்தணும்ல. சாமி காரியத்தைப் பாக்கி வைக்கக் கூடாது," என்றான். அந்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் இருக்கன்குடிக்குப் போனார்கள். கத்தி தலையில் பட்டபோது அவள் அழுதாள். முதல் மொட்டை போலிருக்கிறது என்று நாவிதர் சமாதானம் சொன்னார்.

முந்தானையை இறுக்கி முக்காடு போட்டுக்கொண்டு கொட்டகைக்குப் போனாள். ஓரமாகக் கூட்டிவிட்டு வந்துவிடலாம் என்ற எண்ணம். குனிந்து கூட்டும்போது முக்காடு நழுவியது. சௌந்தரபாண்டியன் பார்த்துவிட்டார். பார்த்தவர் எழுந்து நின்றார். "படத்துக்காகவா வெள்ளத்தாயி?" என்றார்.

அவள் தலையை ஆட்டினாளா இல்லையா என்று அவளுக்கே தெரியாது. சாமி இல்லை என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிற மனுஷன், அவளைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பினார். "எனக்கு நம்பிக்கை கெடையாதும்மா. ஆனா நீ எங்களுக்காக இம்புட்டுச் செஞ்சிருக்க. நான் மொட்டச் சுவரப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன். வா, கெளம்பு. மைக்கேல் வீட்டுக்குப் போவோம். உன் தலையப் பாத்தா அவன் எந்திரிச்சு வந்துருவான்."

"நான் எதுக்கு அண்ணாச்சி?"

"நீதான் வரணும்."

பஸ்ஸில் பெண்கள் பக்கம் உட்கார்ந்து, எப்படிச் சொல்வது என்று ஒவ்வொரு வாக்கியமாகக் கூட்டிப் பார்த்தாள். திருவில்லிபுத்தூர் வந்துவிட்டது. வாக்கியம் வரவில்லை. இறங்கும்போது, "அண்ணாச்சி, ஒரு விசயம்," என்றாள். அவர் காதில் விழவில்லை, வேகமாக நடந்துகொண்டிருந்தார். இத்தனை நாளில் அவர் அப்படி நடந்து அவள் பார்த்ததில்லை.

ஸ்டுடியோவின் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. உள்ளே மைக்கேல் தாடியோடு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். ஆள் பாதியாகியிருந்தான். "ஏலே, எந்திரி. வெள்ளத்தாயி இந்தப் படத்துக்காக முடி குடுத்திருக்கா. நீ இப்படி உக்காந்திருந்தா நல்லாவா இருக்கு?" என்றார் சௌந்தரபாண்டியன்.

மைக்கேல் அவள் தலையைப் பார்த்தான். எத்தனை கிண்டல் பேசின வாய் அது. முகத்தை மூடிக்கொண்டு தேம்பினான். "நான் கெடுத்ததுக்கு நீங்க எதுக்குக்கா..." என்று ஆரம்பித்து முடிக்க முடியாமல் நிறுத்தினான்.

அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"நீ கெடுக்கலப்பா," என்றாள். "நான்தான். பூசையன்னிக்கு உள்ள போனேன். யாளியத் தூக்கிக் கெழக்க வச்சேன். கோட்டத் தொடைச்சிட்டேன். நீ தள்ளி நிக்குன்னு சொன்னப்ப, இல்லன்னு பொய் சொன்னேன். படம் வந்தா தெரிஞ்சுபோகும், வேல போயிரும்னு பயந்து, ஃபிலிமு கெட்டுப்போகணும்னு ஆத்தாகிட்ட வேண்டுனேன். கெட்டுப்போச்சு. அதுக்குத்தான் இந்த மொட்ட. உங்களுக்காக இல்ல."

ரோட்டில் பஸ் ஒன்று ஹார்ன் அடித்துப் போனது. சௌந்தரபாண்டியன் சுவரில் மாட்டியிருந்த கல்யாணப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மைக்கேல் முகத்திலிருந்து கையை எடுத்தான். அவன் கோபப்படுவான் என்று எதிர்பார்த்தாள், அடித்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தாள்.

"நான் செவ்வாய்க்கெழம தவறாம அந்தோனியாருக்கு மெழுகுவத்தி ஏத்துனேன்க்கா," என்றான் மெதுவாக. "நல்லா வரணும்னு."

அவள் சாமிக்குக் காது கேட்டது, அவன் சாமிக்குக் கேட்கவில்லை என்று சொல்ல முடியுமா? சொல்லாமல் இருந்தாலும் அது அங்கேதான் நின்றது, மூன்று பேருக்கும் நடுவில். அவளுக்கு மூச்சு விசில் அடிக்க ஆரம்பித்தது.

சௌந்தரபாண்டியன் கல்யாணப் படத்திலிருந்து கண்ணை எடுத்தார். "ஒருத்தி கெட்டுப்போகணும்னு கேட்டிருக்கா. ஒருத்தன் நல்லா வரணும்னு கேட்டிருக்கான். நான் ஒருத்தன்தான் ஒண்ணுமே கேக்கல." அவர் மைக்கேல் பக்கம் திரும்பினார். "மூடிய மூடினியாலேன்னு ஒரு வார்த்த கேட்டிருக்கணும். எனக்குத் தெரியும் அந்தத் துளைய. மெட்ராஸ்ல மொத நாள் சொல்லிக் குடுத்ததே அதான். நான் கேக்கல."

அவர் மைக்கேலின் சட்டையை ஆணியிலிருந்து எடுத்து அவன் மடியில் போட்டார். பிறகு வெள்ளத்தாயைப் பார்த்தார். கோபம் இருந்தது, அதை அவர் ஒளிக்கவும் இல்லை. "எங்கிட்டச் சொல்லிருக்கணும் நீ," என்றார். "நாளைக்குக் காலையில வா. மொதல்ல இருந்து எடுக்கணும். அதுக்கு முன்னால எல்லாத்துக்கும் பொட்டு வச்சுக்கோ, கும்பிட்டுக்கோ. உனக்குப் பயமில்லாம இருந்தாப் போதும்."

"வேண்டாம் அண்ணாச்சி. நான் கும்பிடல."

திரும்பி வரும்போது பஸ்ஸில் கூட்டம். சன்னலோரம் இடம் கிடைத்தது. திருப்பத்தில் ஆண்டாள் கோயில் கோபுரம் தெரிந்ததும், பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். பக்கத்திலிருந்த அம்மாள் கையெடுத்து என்னவோ முணுமுணுத்தாள். வெள்ளத்தாயின் கையும் தானாக எழுந்தது. ஏதாவது கேட்டுவிடுவோமோ என்று பயந்துபோய், அதை மடியில் வைத்து, கோபுரம் மறைகிறவரைக்கும் மற்றக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.